தார்ப்பாய்க்குள் வெந்த புல்

அந்தப் புல்லைக் கொன்றவன் நான். கொன்றுவிட்டு, பழியை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி வைத்தவனும் நானே.

அப்பாடா... சொல்லிவிட்டேன்! இத்தனை ஆண்டுகளாகத் தொண்டையில் முள்ளாய் நின்றது, எழுதிப் பார்த்தால் இரண்டே வரி. புல்லுக்கா இவ்வளவு பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ‘போகட்டும், வெறும் புல்தானே’ என்று நானும் எனக்கு ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தவன்தான். புல் மறுபடி முளைத்தது. அந்தப் பெண் காமாட்சியின் கையெட்டும் தூரத்தில் இருந்த ஓர் அறை மட்டும் அவளுக்குக் கிடைக்காமலே போயிற்று.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லும் துணிவு இருந்தால் இதை எப்போதோ சொல்லியிருப்பேன். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பம் எங்களுடையது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். ஓட்டை ஆங்கிலம் பேசுவேன். ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் பங்களாத் தோட்டத்துக்கு மேஸ்திரியாக வந்து சேர்ந்தேன். பர்லியார்ப் பக்கம் இறங்கும் சரிவு அது. தேயிலை முடிந்து காப்பிச் செடி தொடங்கும் இடம். சித்திரை மாதம் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஊட்டிக் குளிரில் பழகியவனுக்கு அந்த வெயில் புதிது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான்!

லவ்டேலில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும். பொழுது சாய்வதற்குள் நாற்று, பூச்செடி, இளம்புல் எல்லாவற்றையும் மிலார் என்னும் புதர்ச்செடிகளை வெட்டி வந்து மூடுவோம். மிலார் போதாத இடத்தில் சாக்கு, தார்ப்பாய். மூடினால் காலையில் உயிரோடு இருக்கும். மறந்தால் கருகிக் கிடக்கும். பச்சையைக் காப்பது என்றால் மூடுவது. எட்டு ஆண்டுகளில் என் கை கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். மூடிக் கொல்லவும் முடியும் என்று அந்தக் கைக்குத் தெரியாது.

அந்த ஆண்டு கம்பெனியின் பெரிய மனிதர்கள் பங்களாவில் வந்து தங்கப்போவதாகச் செய்தி வந்தது. முன்புறப் புல்தரையோ அங்கங்கே சொட்டை விழுந்து கிடந்தது. எஸ்டேட் மேனேஜரைத் துரை என்று சொல்வது எங்கள் வழக்கம். அப்போதைய துரை புதியவர், வடக்கத்திக்காரர். தமிழ் அவருக்கு ‘வா’, ‘போ’ அளவுதான். லவ்டேலுக்கு அப்பால் ஒரு பழைய மைதானம் இருக்கிறது, அங்கிருந்து புல்லை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து பதித்துவிடலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவன் நான். இரண்டே வாரத்தில் கம்பளம் விரித்தாற்போல் ஆகிவிடும் என்று மார்தட்டினேன்.

சனிக்கிழமை மதியம் லாரி வந்தது. ஓரடிச் சதுரங்களாக, அடியில் இரண்டு விரற்கடை மண்ணோடு அறுத்தெடுத்த புல். நாங்கள் அதைப் பத்தை என்போம். விடிந்ததும் அறுத்தது, வேரில் ஈரம்கூடக் காயவில்லை. அன்றைக்கே பதித்திருந்தால் இந்த ஒப்புதலுக்கு வேலையே இல்லை. ஆனால் அன்று காலையில்தான் புல்தரைக்கு அடியில் போன தண்ணீர்க் குழாய் வெடித்து, சீர்ப்படுத்தி வைத்திருந்த இடமெல்லாம் சேறாகிவிட்டது. குழாய்க்காரன் திங்கட்கிழமைதான் வருவான் என்றார்கள்.

அதுவரை பத்தைகளைக் காப்பாற்ற வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பங்களாவின் பின்பக்கம் அவற்றை இடுப்புயரத்துக்கு நெருக்கி அடுக்கச் சொன்னேன். மேலே தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். பெரிய தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்து, ஒரு கீற்று வெயிலும் நுழையாதபடி இறுக்கிக் கட்டினேன். கட்டி முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்தேன். என்ன பெருமை! பனியை வென்றவனுக்கு வெயில் எம்மாத்திரம் என்ற நினைப்பு!

அடுக்கிய பெண்களில் ஒருத்தி காமாட்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு கப்பலேறி வந்தவள். கணவன் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு மகள். தாயும் மகளும், வேறொரு குடும்பத்துக்கு எஸ்டேட் கொடுத்திருந்த ஓரறை லைன் வீட்டில் ஒரு மூலையில் ஒண்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால், மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தற்காலிக ஆளுக்கு எஸ்டேட்டில் வீடு கிடையாது. நிரந்தர ஆளாகப் பெயர் பதிந்தால் ஓர் அறை உண்டு. காமாட்சியின் பெயர் எழுதிய தாள் துரையின் மேசையில் இருந்தது. பங்களா வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாக அவர் சொல்லியிருந்தார். அவளுக்காக அவரிடம் பேசியவனும் நான்தான்! இதையும் எழுதத்தான் வேண்டும். அன்று நான் கெட்டவனாக இருக்கவில்லை. கெட்டவனாவதற்கு மூன்று நாள் போதுமாக இருந்தது.

மற்றவர்களைப் போல அவள் என்னை மேஸ்திரி என்று கூப்பிடமாட்டாள். இலங்கைப் பழக்கத்தில் ‘கங்காணி ஐயா’ என்பாள். லைன் வீட்டைக் காம்பரா என்பாள்.

“ஒரு காம்பரா கெடைச்சாப் போதுங்க கங்காணி ஐயா. புள்ளைய உள்ள வச்சுக் கதவச் சாத்திக்கிருவேன்” என்று ஒருநாள் சொன்னாள். சாத்திக்கொள்ள ஒரு கதவு... அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான் தார்ப்பாயைக் கட்டும்போதே அவள் முகம் சரியில்லை.

“கங்காணி ஐயா, இப்புடி அமுக்கிக் கட்டுனா உள்ளுக்குள்ள வெந்துறாதுங்களா?”

“எது வேகும்?”

“புல்லுதாங்க. கொழுந்தச் சாக்குல அமுக்கி வச்சா சூடு ஏறிச் செவந்து போகுமே... பேக்டரில திருப்பி விட்டுருவாங்களே. இதுவும் பச்சதானுங்களே. பிரிச்சு நெழல்ல பரத்திட்டா...”

சுற்றி நின்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கொழுந்து பறிக்கும் ஒவ்வொருத்திக்கும் தெரிந்த விஷயம் அது. அவள் சொன்னதில் இருந்த நியாயம் அந்தக் கணமே எனக்கு உறைத்ததா? உறைத்தது என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது!

“ஏம்மா, எட்டு வருசமா ஊட்டில புல்லு வளத்தவன் நானு. எனக்கே நீ சொல்லித் தரியா? கொழுந்து வேற, புல்லு வேற. சொன்னதச் செய்யி” என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காமாட்சி தலையைக் குனிந்துகொண்டு ஒரு கல்லைத் தூக்கித் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்குப் போன என் மனைவி திரும்பி வந்து, “ஏனுங்க, தோட்டத்துல வேல செய்யற பொம்பள வந்து நிக்குதுங்க. என்னமோ புல்லுங்குது” என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன என்று குரல் கொடுத்தேன்.

“தார்ப்பாய்க்கு அடியில ஆவி வருதுங்க கங்காணி ஐயா” என்று வெளியிலிருந்து காமாட்சி சொன்னாள். “கைய விட்டுப் பாத்தேன், சுடுது. ஒரு எட்டு வந்து பாத்துருங்க...”

ஒரு எட்டு! பங்களாவுக்கும் என் வீட்டுக்கும் கால்மணி நேர நடை. தட்டில் கறிக்குழம்பு. வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. ஒரு பெண்ணின் வாழ்வை இந்த மூன்றும் சேர்ந்து தோற்கடித்தன என்று சொன்னால் நம்புவீர்களா?

“வெயில்ல கெடந்தா தார்ப்பாய் சுடத்தான் செய்யும். நாளைக்கு வந்து பாக்கறேன். நீ அதத் தொடக் கூடாது, கேட்டுக்கோ!” என்று கத்தினேன்.

அதன்பிறகும் அவள் சிறிது நேரம் நின்றுகொண்டிருந்ததாக மனைவி சொன்னாள். நிழலே இல்லாத வாசல் எங்களுடையது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாளாம்.

திங்கட்கிழமை, ஆட்கள் வரும் முன்பே நான் போய்விட்டேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் போனேன்? உள்ளே ஏதோ ஒன்று அரித்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தால், ஒரு மூலையில் தார்ப்பாய் தூக்கி விடப்பட்டிருந்தது. அங்கிருந்து காமாட்சி பன்னிரண்டு பத்தைகளை மட்டும் எடுத்து, பலாமரத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். தொடாதே என்று நான் சொன்ன பிறகு!

மீதித் தார்ப்பாயை இழுத்தேன். ஐயோ... அந்த நெடி! மழையில் நனைந்து மக்கிய வைக்கோல் போல ஒரு வாடை. வெள்ளையாக ஆவி எழுந்தது. அடுக்கின் நடுவே கையை விட்டேன். சுட்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். விடிகாலைக் குளிரில் உள்ளே அப்படி ஒரு சூடு! புல் மஞ்சளாகி, கொழகொழத்து, விரலோடு உரிந்து வந்தது. மேலடுக்கு, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது... எல்லாம் அப்படியே. வெயில் அதைத் தொடவே இல்லை. மூச்சுவிட வழியில்லாமல் அடைபட்டு, தன் சூட்டிலேயே அது வெந்து போயிருந்தது. அடைத்தவன் நான்.

பலாமரத்தடியில் இருந்த பன்னிரண்டு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன.

இனிமேல்தான் நீங்கள் கேட்க வேண்டியது. அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்புறப் பள்ளத்தில் வீசினேன். முட்புதருக்குள் விழுந்து மறைந்தன. உயிரோடு இருந்த புல்! அவள் சொன்னது சரி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி! வீசிவிட்டு, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினேன். மரத்தடி ஈரத்தின்மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டேன். எவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்று நினைத்தால் இன்றும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

காமாட்சி குடத்தோடு வந்தாள். மஞ்சள் குவியலைப் பார்த்ததும் குடத்தை அப்படியே இறக்கிவிட்டு மரத்தடிக்கு ஓடினாள்.

“இங்க எடுத்து வச்ச பத்தைங்க...?”

“அதுவும் வெந்துதான் கெடந்துச்சு. எடுத்துக் குப்பைல தள்ளிட்டேன்.” என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “தொடாதேன்னு சொன்னனா, இல்லியா? நேத்து நீ தொறந்து விட்டதுல வெயிலு உள்ள பூந்துருச்சு. மூடி இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பாரு, மொத்தமும் போச்சு!”

அவள் என்னை நம்பினாள்.

அதுதான்... அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. எதிர்த்துப் பேசியிருக்கலாம். பொய் சொல்றீங்க என்று என் சட்டையைப் பிடித்திருக்கலாம். சூட்டைத் தன் கையால் தொட்டுப் பார்த்தவள் அவள். அந்தக் கையைவிட என் எட்டு வருடத்தை அவள் பெரிதாக நம்பினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “நானா கெடுத்தேன்... நானா கெடுத்தேன்...” என்று முனகினாள்.

ஒன்பது மணிக்குத் துரை வந்தார். குவியலைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. யார் இதற்குப் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் காமாட்சியைக் காட்டினேன். என்ன நடந்ததென்று அவளிடமே கேள் என்றார் துரை. அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் இருந்தவன் நான்.

“தார்ப்பாயத் தொறந்தது நீயான்னு தொரை கேக்கறாரு” என்றேன்.

“ஆமாங்க. நான்தான் தொறந்தேன்.”

“தொட வேண்டாம்னு நான் சொல்லியிருந்தனா?”

“சொன்னீங்க கங்காணி ஐயா. சூடா இருந்திச்சேன்னுதான்... நல்லதுன்னு நெனச்சுத்தான்...”

நான் துரையிடம் திரும்பினேன். தொடக் கூடாது என்று சொல்லியும் தார்ப்பாயைத் திறந்ததாக அவளே ஒப்புக்கொள்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! பல காலம் இதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். சூடு என்று அவள் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன். அது போய்ச் சேர்ந்திருந்தால் துரை என் பக்கம் திரும்பியிருப்பார். யோசனை சொன்னவன், மார்தட்டியவன், அடுக்கச் சொன்னவன், மூடியவன்... எல்லாம் நான். என் வேலை போயிருக்கும். எனக்கும் மனைவி, குழந்தை இருந்தார்கள் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அவளுக்கும்தான் ஒரு மகள் இருந்தாள்.

அன்று மாலையே அவள் பெயர் எழுதிய தாள் கையெழுத்தில்லாமல் ஆபீசுக்குத் திரும்பியது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள். போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை.

“எனக்காகப் பேசப்போயி, என்னால நீங்களும் தொரைகிட்ட ஏச்சு வாங்கிட்டீங்க” என்றாள்.

அவளுடைய கவலை அப்படி இருந்தது! நான் ‘உம்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். அந்த வாரக் கடைசியில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், மகள்... குன்னூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். பேக்டரி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிட்டே போகவில்லை.

இரண்டாம் முறை லாரி வந்தது. பத்தைகளைப் பலாமர நிழலில் பிரித்து, புல் மேலே பார்க்க, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பச் சொன்னேன். இலேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். மறுநாள் பதித்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. வந்தவர்கள் புகழ்ந்தார்கள்; துரை என் தோளைத் தட்டினார். அதன்பின் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பங்களாவில் புல் பதித்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பத்தையைக் குவிக்காதே, மூடாதே, மூச்சுவிட விடு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களிடம் அனுபவம் என்றேன். அனுபவமாம்... வெட்கங்கெட்டவன்!

மழைக்காலத்தில் வெட்டிய புல்லை எங்கேனும் குவித்திருந்தால் அந்த நெடி வரும். உடனே பலாமரத்தடிக்கு ஓடும் ஒரு பெண்ணின் முதுகு என் கண்ணுக்குத் தெரியும். முகம் தெரியாது... முதுகு மட்டும்தான். பக்கத்தில் நிற்பவன் பேசிக்கொண்டே இருப்பான். எனக்கு ஒன்றும் காதில் விழாது. ஆடிச் சாரலில், “ஏனுங்க, குளிரு உள்ள வருது, கதவத்தான் சாத்துங்களே” என்று என் மனைவி சொல்லுவாள். எழுந்து போய்க் கதவில் கை வைப்பேன். சாத்த முடியாது. அவளே வந்து சாத்திவிட்டு, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்பாள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கே போனாள் என்று தெரியாது என்பது என் நெடுநாள் சாக்கு. அந்தச் சாக்கும் ஒருநாள் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகும் நான் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன். புல்லைக் கொன்றது, பொய் சொன்னது எல்லாம் ஒரு பாவம் என்றால், இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு காலை வேளையில், ஊட்டி பஸ் நிலையத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி என் எதிரே வந்து நின்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க அந்தப் பங்களாத் தோட்டத்துக் கங்காணி ஐயாதானுங்களே? நான் காமாட்சி மகளுங்க.”

கங்காணி ஐயா... என்னை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான்! அப்படியே ஓடிவிடலாமா என்று தோன்றியது. அவள் கூடலூருக்கு அப்பால் சேரங்கோட்டுப் பக்கம் கொழுந்து பறிக்கிறாளாம். அங்கே ஒரு வீடு. அம்மாவும் அவளோடுதான் இருக்கிறாள். இப்போது எழுந்து நடமாட முடிவதில்லை. எங்கள் எஸ்டேட்டை விட்டுப் போனபின் எத்தனையோ பேர் வீட்டு மூலைகளில் கிடந்ததாகவும், தன் படிப்பு அந்த ஆண்டோடு நின்றுபோனதாகவும் சாதாரணமாகச் சொன்னாள். குறை சொல்லும் தொனியே இல்லை.

“அம்மா இன்னமும் உங்களப் பத்திப் பேசுமுங்க” என்றாள். “எனக்காகத் தொரைகிட்டப் பேசுன மனுசன், அவரு சொல்லக் கேக்காம தார்ப்பாயத் தொறந்து புல்லையும் கெடுத்து, அவருக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவும். எங்கயாச்சும் பாத்தா மன்னிப்புக் கேட்டுக்கிட்டு வான்னு எங்கிட்டச் சொல்லியிருக்குங்க.”

சொல்... இப்போதாவது சொல்லிவிடு! உன் அம்மா எடுத்து வைத்த பன்னிரண்டும் பிழைத்திருந்தன என்று ஒரே ஒரு வாக்கியம். மகள் அதைக் கொண்டுபோய் அந்தப் படுக்கையருகே சொல்லியிருப்பாள். தான் கெடுக்கவில்லை என்று சாவதற்குள் காமாட்சிக்குத் தெரிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

“அதெல்லாம் நான் அப்பவே மன்னிச்சுட்டேன் கண்ணு. அம்மாகிட்டச் சொல்லிரு” என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. “இனிமே அது நிம்மதியா இருக்குமுங்க” என்றாள். கூடலூர் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் அவளை அவசரப்படுத்தினான். அவள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து என் காலைத் தொட்டாள்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நல்லா இரு என்று அவள் தலையில் கை வைத்தேன்.